தாளில் சரியாக வரும் கணக்கு தட்டில் தவறுகிறது: ஏழாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை எதைக் கற்றிருக்க வேண்டும்?

காத்ர் போர்ன் அம்மா | சனவரி 3

அனைவருக்கும் வணக்கம். என் மகன் இங்கே மொரீசியசில் ஆறாம் வகுப்பை முடித்து, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.ஏ.சி.யில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் நல்ல தரம் பெற்றிருக்கிறான். இன்னும் சில நாள்களில் ஏழாம் வகுப்பு தொடங்குகிறது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் விடுமுறையில் நடந்த ஒன்று எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு மாலையில் பருப்பு வைத்த ரொட்டியான தால்பூரி சுட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றை மூன்றாகப் பிய்த்து, ஒரு பங்கைத் தங்கையின் தட்டில் வைத்தேன். இன்னொன்றை நான்காகப் பிய்த்து, ஒரு பங்கை அவன் தட்டில் வைத்தேன். ‘இரண்டு பங்கும் சேர்ந்தால் ஒரு தால்பூரியில் எவ்வளவு?’ என்று கேட்டேன். சற்றும் தயங்காமல் ‘ஏழில் இரண்டு’ என்றான். இரண்டு துண்டுகளையும் அருகருகே வைத்தால் பாதிக்கு மேல் வருவது கண்ணெதிரே தெரிகிறது. ஏழில் இரண்டோ பாதிக்கும் குறைவு. அதை அவன் பார்க்கவே இல்லை. பிறகு அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். உடனே பன்னிரண்டைப் பொதுப்பகுதியாக எடுத்து, பன்னிரண்டில் ஏழு என்று பிழையில்லாமல் எழுதினான். தாளில் உள்ளதும் தட்டில் உள்ளதும் ஒரே கணக்கு என்பது அவனுக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, அதாவது பி.எஸ்.ஏ.சி.க்கும் ஒன்பதாம் வகுப்பு இறுதித் தேர்வான என்.சி.ஈ.க்கும் இடைப்பட்ட இந்த ஆண்டுகளில், பிள்ளைகள் உண்மையில் எதைக் கற்கிறார்கள், எது விடுபட்டால் பின்னால் எல்லாம் சரியும் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள். பாடத்திட்டத்தின் தலைப்புகள் என்னிடம் இருக்கின்றன. எனக்குத் தேவை அதற்கு உள்ளே இருப்பது.

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் | சனவரி 4

அம்மா, வணக்கம். உங்கள் மகனைப் போன்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஏழாம் வகுப்பை நாம் ‘ஃபோர்ம் ஒன்’ என்று அழைத்த காலம் முதல், ஆண்டின் முதல் நாளில் பலகையில் ஒரே ஒரு வரி எழுதுவது என் வழக்கம்: 8 + 4 = ☐ + 5. கட்டத்துக்குள் என்ன வரும்? வகுப்பில் பலர் 12 என்று எழுதுவார்கள். சிலர் அதையும் தாண்டி 17 என்பார்கள். ஏழு என்று எழுதுவோர் குறைவு. கூட்டத் தெரியாததால் வந்த பிழை அன்று இது. ஆறு ஆண்டுகளாக அவர்கள் பார்த்த கணக்குகளில் சமக்குறி ‘இங்கே விடையை எழுது’ என்ற கட்டளையாகவே இருந்திருக்கிறது. இரு பக்கமும் ஒரே எடை என்று சொல்லும் தராசாக அதை யாரும் காட்டவில்லை. ஏழாம், எட்டாம் வகுப்புகளில் வரும் இயற்கணிதம் முழுவதும் அந்தத் தராசின்மேல்தான் நிற்கிறது. அது புரியாத பிள்ளைக்கு ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்பது வெறும் மந்திரம்.

இரண்டாவது இடறல் தசமம். 0.35 பெரியதா, 0.4 பெரியதா என்று கேளுங்கள். 35 நான்கைவிடப் பெரியது என்பதால் 0.35 என்று சொல்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை புள்ளி என்பது இரண்டு முழு எண்களுக்கு நடுவே இருக்கும் ஒரு வேலி.

மூன்றாவது, பெருக்கல். நம் மொழியில் அந்தச் சொல்லிலேயே ‘பெருகுதல்’ இருக்கிறது. நான்காம் வகுப்பு வரை பெருக்கினால் எண் பெருகத்தான் செய்தது. ஐந்தாம் வகுப்பில் அரையை அரையால் பெருக்கினால் கால் என்று வரும்போது பிள்ளைக்கு ஏதோ மோசடி நடப்பதுபோலத் தோன்றும். ஆனால் பழைய வாய்ப்பாட்டில் இதற்கு ‘ஆல்’ இல்லை, ‘இல்’ தான் உண்டு: அரையில் அரை கால்; அரையில் கால் அரைக்கால்; காலில் கால் வீசம். ஒன்றிற்குள் இன்னொன்றை எடுக்கிறோம், ஆகவே குறைகிறது. சொல்லிப் பார்த்தாலே விளங்கிவிடும். என் பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் வீசம் என்றால் பதினாறில் ஒன்று என்பது அவர் விரல் நுனியில் இருந்தது.

உங்கள் தால்பூரிக்கு வருகிறேன். ஆங்கிலமும் பிரெஞ்சும் முதலில் ‘ஒன்று’ என்று சொல்லிப் பிறகுதான் எத்தனையில் என்று சொல்கின்றன. தமிழில் ‘மூன்றில்’ என்று முழுமையை முதலில் வைத்துவிட்டு, அதில் ‘ஒன்று’ என்கிறோம். பிள்ளை அந்தச் சொற்றொடரைக் கேட்டவுடனே ஒரு பொருளை மூன்றாகப் பிரித்தாக வேண்டும். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் அப்படியே கூட்ட முடியாது, ஏனெனில் துண்டுகளின் அளவு வேறு. இரண்டையும் ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டினால்தான் எண்ண முடியும். அந்த அளவைத்தான் பொதுப்பகுதி என்கிறோம். பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகள் வெட்டுங்கள். ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடிக்கச் சொல்லுங்கள். விதியைச் சொல்லாதீர்கள். மடிப்புகளை அளவுகோலில் வைத்து அவனே எண்ணட்டும்.

எட்டாம் வகுப்புக்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வாட் வரி 15 விழுக்காடு சேர்த்து ஒரு பொருளின் விலை 1150 ரூபாய். வரிக்கு முன் விலை என்ன? பெரும்பாலோர் 1150-இல் 15 விழுக்காட்டைக் கழித்து 977.50 என்பார்கள். சரியான விடை 1000. எதில் 15 விழுக்காடு என்பதைப் பார்க்கத் தவறியதால் வந்த பிழை இது. மூன்றில் ஒன்று எந்தப் பொருளின் மூன்றில் ஒன்று என்று ஐந்தாம் வகுப்பில் கேட்கப் பழகிய பிள்ளை இங்கே தடுமாறாது. பின்னம், தசமம், விகிதம், விழுக்காடு எல்லாம் தனித்தனிப் பாடமாக அச்சாகியிருக்கின்றன; உள்ளே ஓடுவது ஒரே எண்ணம்.

ஆறாம் வகுப்பு ஆசிரியை | சனவரி 4

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வகுப்பறையில் நிற்பவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். என் பிள்ளைகள் கணக்கில் விடும் பிழைகளில் பெரும்பகுதி கணக்கால் வருவதில்லை, வாசிப்பால் வருகிறது.

மூன்றாம், நான்காம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்து, வாசித்துத்தான் மற்றவற்றைக் கற்க வேண்டும். அறிவியலும் வரலாறும் புவியியலும் ஆங்கிலப் புத்தகத்தில் வருகின்றன. வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த நம் கிரியோல். தொலைக்காட்சியில் கேட்பது பெரும்பாலும் பிரெஞ்சு. ‘ஹவ் மெனி மோர்’ என்று கேள்வியில் வந்தால் ‘மோர்’ என்ற சொல்லைக் கண்டதுமே பிள்ளை இரண்டு எண்களையும் கூட்டிவிடுகிறது. கேள்வி கேட்பதோ வித்தியாசத்தை. நான் அதே கேள்வியைக் கிரியோலில் கேட்டால் அதே பிள்ளை கழித்துச் சரியாகச் சொல்கிறது. கணக்குத் தெரியும், கேள்விதான் எட்டவில்லை.

2017-இல் ஒன்பதாண்டுக் கல்வி தொடங்கி, பழைய தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான சி.பி.ஈ.யின் இடத்தில் பி.எஸ்.ஏ.சி. வந்தபோது, அறிவியலையும் வரலாறு-புவியியலையும் ஐந்திலும் ஆறிலும் பகுதி பகுதியாக எழுதலாம் என்ற ஏற்பாடு சுமையைக் குறைக்கும் என்று நம்பினோம். ஓரளவு குறைத்தது. ஆனால் ஐந்தாம் வகுப்பு ஆண்டிறுதியிலேயே ஒரு தேர்வு வந்ததால், டியூஷனும் ஓராண்டு முன்னதாகவே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொன்னே வந்த ஆண்டு 1735 என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் ஏன் வரவழைக்கப்பட்டார்கள் என்று கேட்டால் அமைதி. அந்தக் கைவினைஞர்களில் தமிழர்கள் இருந்தார்கள் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளே அறியாமல் அந்தப் பாடத்தைக் கடந்துவிடுகிறார்கள்.

ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முடிக்க வேண்டிய பக்கங்களையும் எண்ணிக்கொண்டு, மடித்துப் பார்ப்பதற்கும் பேசிப் பார்ப்பதற்கும் நேரம் கண்டுபிடிப்பது எளிதன்று.

மூன்று பிள்ளைகளின் தந்தை | சனவரி 5

மதிப்புக்குரியவர்களே, என் கருத்து கசப்பாக இருக்கலாம். ஏழாம் வகுப்பில் ஆங்கிலம், பிரெஞ்சு, கணக்கு, அறிவியல், கணினி, தொழில்நுட்பம், வணிகம், சமூகவியல் என்று எட்டுப் பாடங்கள், அவற்றுடன் ஓவியமும் உடற்பயிற்சியும். இதற்கு மேல் தமிழையும் சுமக்கச் சொல்வது நியாயமா? ஆசிரியை அம்மாவே சொல்கிறார், பிள்ளைக்கு ஆங்கிலக் கேள்வி எட்டவில்லை என்று. அந்த நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுப்பதே அறிவுடைமை. என் மூத்த மகளை ஏழாம் வகுப்பில் தமிழை விடச் சொன்னேன். மனம் வலித்தது, ஆனால் சொன்னேன். கோயிலில் தேவாரம் பாடட்டும், தைப்பூசக் காவடிக்கு வரட்டும். பள்ளியில் வேண்டாம்.

வடக்கு வட்டாரத் தமிழாசிரியர் | சனவரி 6

ஐயா, உங்கள் மனம் வலித்ததை நான் உணர்கிறேன். ஆண்டுதோறும் ஏழாம் வகுப்பின் முதல் வாரத்தில் என் வகுப்பறையில் பாதி இருக்கைகள் காலியாவதைப் பார்ப்பவன் நான்.

இந்நாட்டில் தமிழ், இந்தி போன்ற கீழைமொழிகளுக்காகப் பெரிய போராட்டம் நடந்தது. அவற்றின் மதிப்பெண்ணையும் சி.பி.ஈ. தரவரிசையில் சேர்ப்பதற்கான அரசியலமைப்புத் திருத்தம் 1995-இல் நாடாளுமன்றத்தில் தோற்று, அவ்வாண்டு திசம்பரிலேயே பொதுத்தேர்தல் வந்ததை நம்மில் பலர் மறக்கவில்லை. 1998-இல் பணத்தாள்களில் தமிழின் இடம் மாறியபோதும் தெருவில் இறங்கினோம். மதிப்பெண்ணுக்காகவும் இடத்துக்காகவும் போராடிய நாம், வகுப்பறைக்குள் அந்த மொழியைக் கொண்டு பிள்ளை என்ன செய்யப் போகிறது என்று போதிய அளவு கேட்கவில்லை. உங்கள் மகள் தமிழை விட்டதற்கு அதில் எங்களுக்கும் பங்குண்டு. தமிழைக் கட்டுரையும் கடிதமுமாக மட்டும் கற்பித்தோம். கணக்காசிரியர் ஐயா சொன்ன ‘அரையில் அரை கால்’ தமிழ் வகுப்பில் ஒருமுறையாவது ஒலித்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். எட்டாம் வகுப்பில் மாதங்களைப் பற்றிப் பேசும்போது ‘மார்கழிக் குளிர்’ என்று ஒரு தொடர் வந்தது. ஒரு பையன் எழுந்து, ‘சார், மார்கழியில் நாம் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாதே’ என்றான். உண்மைதான். நமக்கு மார்கழி என்பது வெப்பமும் புயலும் சேர்ந்த காலம், குளிர்வது ஆடியில். தமிழ்நாட்டுக்கும் நமக்கும் நடுவே நிலநடுக்கோடு ஓடுகிறது. அந்த ஒரே வாக்கியத்திலிருந்து, பூமியின் அச்சுச் சாய்வும், பருவங்கள் எதிரெதிராக வருவதும், நம் பக்கத்துப் புயல் கடிகாரமுள் திசையில் சுழல்வதும், வங்கக் கடலின் புயல் அதற்கு எதிராகச் சுழல்வதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அன்று நான் நடத்தியது தமிழ்ப் பாடமா, புவியியலா என்று கேட்டால், இரண்டும்தான்.

கிரியோலை எதிரியாக நினைக்கும் தமிழாசிரியர்களிடமும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ரசோன், கறிப்புலே, பிரேத் முரும் என்று பிள்ளைகள் அன்றாடம் சொல்லும் கிரியோலில் ரசமும் கறிவேப்பிலையும் முருங்கையும் ஏற்கெனவே இருக்கின்றன. 2012 முதல் கிரியோல் தொடக்கப்பள்ளியில் பாடமாகவும் வந்துவிட்டது. பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறதோ அந்த மொழியில் பேசித் தெளிந்த பிறகு, ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுதட்டும்.

சேன் தெனி வாசகர் | சனவரி 6

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். இங்கே பிரெஞ்சுப் பாடத்திட்டம். தொடக்கப்பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளையும் கொலேஜ் என்னும் நடுநிலைப்பள்ளியின் முதல் ஆண்டையும் 2016 முதல் ஒரே கட்டமாக வைத்திருக்கிறார்கள், கட்டடம் மாறினாலும் கற்றல் அறுந்துபோகக் கூடாது என்பதற்காக. நோக்கம் நல்லதே. ஆனால் என் மகளின் கொலேஜ் ஆசிரியர்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைச் சந்திப்பது அரிது. ஆகையால் ஏடுகளில் ஒன்றாக இருக்கும் கட்டம், பிள்ளையின் நாளில் இரண்டாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் கிரியோல்தான். உங்களுக்கு இருக்கும் தமிழ் வகுப்பு இங்கே ஒவ்வொரு பள்ளியிலும் கிடைப்பதில்லை. கோயில் வளாகத்தில் வாரம் ஒருமுறை கற்கிறாள். அதனால்தான், இருப்பதை விடலாமா என்ற கேள்வியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

நிழல் அளப்பவர் | சனவரி 7

நான் அறிவியல் ஆசிரியர். தமிழாசிரியர் தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். ஏழாம் வகுப்பில் அறிவியல் என்பது உயிரணு, மூலக்கூறு, விசை என்ற சொற்களின் பட்டியலாகப் பிள்ளைக்குத் தெரிகிறது. அதற்கு முன், ஓர் அளவை எடுத்து, எழுதி வைத்து, ‘அடுத்த வாரம் இது என்னவாகும்’ என்று ஊகித்து, அந்த ஊகம் சரியா என்று காத்திருந்து பார்க்கும் பழக்கம் வர வேண்டும். அது இல்லாமல் மற்றவை நிற்காது.

காத்ர் போர்ன் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் முற்றத்தில் சரியாக ஒரு மீட்டர் உயரமுள்ள கோலைச் செங்குத்தாக நடுங்கள். நம் தீவு ஏறத்தாழ 20 பாகை தெற்கில் இருப்பதால், ஆண்டில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது: நவம்பர் பிற்பகுதியில் ஒருமுறை, சனவரி 20-ஐ ஒட்டி மறுமுறை. இந்த மாதத்தில் நம் கடிகாரப்படி உச்சிவேளை 12 மணி 20 நிமிடம் அளவில் வரும். இப்போது நிழல் சில சென்டிமீட்டர் நீளத்தில் வடக்கு நோக்கி விழும். எந்த நாளில் மறையும், அதன்பின் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மகனிடம் சொல்லாதீர்கள், அவனே பார்க்கட்டும். ஜூன் 21 அன்று அதே கோலுக்குத் தெற்கு நோக்கி ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் நிழல் கிடைக்கும். வடக்கு நாடுகளை மனத்தில் வைத்து எழுதிய புத்தகங்கள் நண்பகல் சூரியன் தெற்கில் இருக்கும் என்கின்றன. நம் பிள்ளைகள் முற்றத்தில் நின்று அதைத் திருத்தலாம்.

மோக்கா வாசகி | சனவரி 9

வரலாற்றைப் பற்றி ஆசிரியை எழுதியதற்கு ஒரு சிறு சேர்க்கை. 1834 முதல் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே வந்து இறங்கினார்கள். அவர்களின் குடியேற்றப் பதிவுகள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. எங்கள் முன்னோர் ஒருவரின் பதிவின் நகலை என் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பெற்றோம். எண், கப்பல், மாவட்டம், உயரம், உடலில் இருந்த தழும்பு எல்லாம் இருந்தன. பெயர் மட்டும் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. என் மகள் அதை இரண்டு மூன்று முறை வாய்விட்டு வாசித்த பிறகுதான், எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதிய தமிழ்ப் பெயர் அது என்று புரிந்தது. தமிழ் கற்றிருந்ததால் அவளால் அதைக் கேட்க முடிந்தது. அதன்பின் அவர்கள் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் என்ற துறையின் பதினாறு படிகளில் அவளை அழைத்துச் சென்றபோது, ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறினாள்.

மூன்று பிள்ளைகளின் தந்தை | சனவரி 10

அனைவர் எழுதியதையும் இருமுறை வாசித்தேன். நேரம் போதாது என்ற என் கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. பத்துப் பாடங்களோடு பதினொன்றாக ஒன்றை வைத்தால் பிள்ளை உறங்குவதற்குத்தான் நேரம் குறையும். ஆனால் என் இளைய மகன் நான்காம் வகுப்பில் இருக்கிறான். அவனிடம் 8 + 4 கேள்வியைக் கேட்டேன். 12 என்றான். மூத்த மகளிடமும் கேட்டேன். அவள் ஒன்பதாம் வகுப்பு, இவ்வாண்டு என்.சி.ஈ. எழுதப் போகிறாள். அவளும் 12 என்றே எழுதத் தொடங்கி, பிறகு அழித்தாள். டியூஷனுக்கு நான் கட்டிய பணத்தை எண்ணிப் பார்த்தேன். கணக்காசிரியர் ஐயா, அந்தத் தராசை வீட்டில் எப்படிக் காட்டுவது என்று எழுத முடியுமா?

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் | சனவரி 10

துணி மாட்டும் கொக்கி (ஹேங்கர்) ஒன்று, இரண்டு ஒரே மாதிரிப் பைகள், ஒரே அளவுள்ள பளிங்குக் குண்டுகள் போதும். கொக்கியின் இரு முனைகளிலும் பைகளைத் தொங்கவிடுங்கள். ஒரு பையில் எட்டும் நான்கும், மறு பையில் ஐந்தும் போட்டுவிட்டு, மகளிடம் ‘நேராக்கு’ என்று மட்டும் சொல்லுங்கள். அதன்பின் இரு பைகளிலிருந்தும் மூன்று மூன்றாக எடுக்கச் சொல்லுங்கள். கொக்கி சாயாது. ஏன் சாயவில்லை என்று அவள் தன் சொற்களில் சொல்லட்டும். கிரியோலில் சொன்னாலும் சரி.

காத்ர் போர்ன் அம்மா | சனவரி 26

தாமதமாக வருகிறேன், பொறுத்தருள வேண்டும். பள்ளி தொடங்கிய பரபரப்பு.

காகிதப் பட்டைகளை மடித்தோம். மூன்றாக மடிப்பது அவனுக்கு எளிதாக வரவில்லை. இரண்டு பட்டைகள் வீணாயின. மூன்றாவதில் அளவுகோலை வைத்து, நான்கு சென்டிமீட்டரும் மூன்று சென்டிமீட்டரும் சேர்த்து ஏழு, மொத்தம் பன்னிரண்டு என்று எண்ணிவிட்டு, என்னைப் பார்க்காமல் பட்டையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வாட் வரிக் கேள்விக்கு இன்னும் 977.50 தான் வருகிறது. மூன்று முறை பேசிவிட்டோம், விட்டுவிடவில்லை.

நிழலை ஞாயிற்றுக்கிழமைகளில் அளந்தோம். 11-ஆம் தேதி வடக்கே மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 18-ஆம் தேதி அரை சென்டிமீட்டர், அதுவும் மேகம் விலகிய இரண்டு நிமிடத்தில். அடுத்த வாரம் நிழலே இருக்காது என்று ஊகித்து எழுதி வைத்தான். நேற்று இரண்டு சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழுந்தது. முதலில் கோல் சாய்ந்துவிட்டது என்று சொல்லித் தூக்கு நூல் கட்டிச் சரிபார்த்தான். கோல் நேராகத்தான் இருந்தது. பிறகு தன் ஊகத்தை அடிக்காமல், அதற்குக் கீழே ‘நடுவில் ஒரு நாள் மறைந்திருக்கிறது, நாம் பார்க்கவில்லை’ என்று எழுதினான்.

ஜூன் மாதத்தில் 95 சென்டிமீட்டர் வரும் என்று நான் சொன்னபோது, கோலை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘அப்படியென்றால் கோலில் இருபதில் பத்தொன்பது’ என்றான். தாள் எடுக்கவில்லை. ஜூன் 21 இவ்வாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வருகிறதாம். நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். கோலை அதுவரை பிடுங்கக் கூடாது என்று தங்கையிடமும் சொல்லியிருக்கிறான்.